ஈர்க்குமாறும் தூசுறிஞ்சும் பொறியும்

வைகறைப் பொழுதில் தொண்டைமானாற்றிலே முதலிற் கேட்பது செல்வச்சந்நிதிக் கோயிலின் மணியோசை என்பர் சிலர். கடலின் இரைச்சல் என்பர் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஓசை ஒன்றும் உண்டு. வீட்டு முற்றங்களில் ஈர்க்குமாறு மணலைக் கீறிச் செல்லும் ஓசை அது. கதிரவன் எழுமுன் அவ்வோசை அடங்கிவிடும். அடங்கியபின் முற்றத்திலே எஞ்சியிருப்பவை, வயலில் உழவன் இட்ட படைச்சால் போன்று ஒரே சீராக விழுந்த கோடுகள். அக்கோடுகளைக் கண்டே அவ்வீட்டின் ஒழுங்கை அயலவர் மதிப்பிட்டனர்.

மன்னரின் வாளும் கேடயமும் நூதனசாலைகளிலே பேணப்படுகின்றன. விளக்குமாற்றுக்கு அத்தகைய பேறு கிடைப்பதில்லை. தேய்ந்தவுடன் அது அடுப்பிற் போடப்படுகிறது. ஆதலால் வீட்டைத் துப்புரவு செய்யும் கருவிகளின் வரலாறு பெரிதும் எழுதப்படாத வரலாறாகவே உள்ளது. ஆயினும் அவ்வரலாற்றிலே மனித அறிவின் நுட்பமும், பெண்களின் முதுகுவலியும், ஊரின் மண்ணும் மரமும் ஒருங்கே பதிந்துள்ளன. விளக்குமாறு பழையது, மின்பொறி புதியது, ஆகவே முன்னையது தாழ்ந்தது, பின்னையது உயர்ந்தது என்று கருதுவது எளிது. அக்கருத்து எத்துணை உண்மை என்பதை ஆராய்வது பயனுடையது.

தமிழ்ச் சொற்களிலிருந்தே தொடங்கலாம். விளக்குதல் என்பதற்குத் துலக்குதல், ஒளிபெறச் செய்தல் என்பது பொருள். மாறு என்பது மெல்லிய கோல்களின் கட்டைக் குறிக்கும். எனவே விளக்குமாறு என்பது இடத்தை ஒளிபெறச் செய்யும் கோற்கட்டு ஆயிற்று. துடைப்பது துடைப்பம். இவற்றினும் பழைமை வாய்ந்த சொல் அலகு என்பது. திருக்கோயிலைக் கூட்டுதலைத் திருவலகிடுதல் என்றும், சாணகத்தால் மெழுகுதலைத் திருமெழுக்கிடுதல் என்றும் சைவ மரபு வழங்குகின்றது.

ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த திருநாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் இப்பணிகளைச் செய்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. நாவுக்கரசரோ கோயில் வீதியிலே புல்லைச் செதுக்கும் உழவாரப் படையைக் கையில் ஏந்தினார். இன்றும் அவருடைய திருவுருவத்தை ஏனைய நாயன்மாரிடமிருந்து பிரித்து அறிய உதவும் அடையாளம் அக்கருவியே. துப்புரவுக் கருவியொன்று ஓர் அடியாரின் கையிலே வணக்கத்துக்குரிய சின்னமாக விளங்குவது உலகில் அரிதாகக் காணப்படும் சிறப்பாகும்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர், சைவ வினாவிடையிலே திருவலகிடும் முறையையும் விரித்துரைத்தார். சூரியன் எழுமுன் நீராடிச் செல்ல வேண்டும். மென்மையான துடைப்பத்தைக் கையாள வேண்டும். சிற்றுயிர்கள் சாகாதபடி கூட்ட வேண்டும். சேர்ந்த குப்பையைத் தொலைவிலே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பன அவர் விதித்தவற்றின் சாரம். கருவியின் தன்மை, கூட்டும் பொழுது, குப்பை சேருமிடம் ஆகிய மூன்றையும் அவர் கருத்திற் கொண்டமை நோக்கத்தக்கது. இறுதியாகச் சொன்ன குப்பை சேருமிடம் என்பதே, பின்னர் மேலைநாட்டுப் பொறியாளரையும் பெரிதும் வருத்திய வினாவாயிற்று.

தொண்டைமானாற்று வீடுகளிலே வழங்கிவந்த கருவிகள் யாவை? முற்றத்துக்கு ஈர்க்குமாறு, உள்வீட்டுக்குத் தும்புத்தடி, பாத்திரம் தேய்க்கத் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும், பித்தளை துலக்கப் பழப்புளி, குப்பை வாரப் பழைய சுளகு, அதனைச் சுமந்து செல்லப் பனையோலைக் கடகம். இவற்றுள் எதுவும் நெடுந்தொலைவிலிருந்து வந்ததன்று. தென்னையும் பனையுமே இப்பட்டியலின் பெரும்பகுதியை அளித்தன.

ஈர்க்குமாறு கட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓலையின் நடுநரம்பாகிய ஈர்க்கைக் கத்தியாற் சீவி எடுத்து, வெயிலிற் காயவைத்து, கைப்பிடியளவு சேர்த்து அடிப்பக்கத்தை இறுகக் கட்டுவர். பின்னர் கட்டின் நடுவே நீண்ட தடியொன்றைச் செருகி, அடியை நிலத்திலே குத்துவர். தடி உட்புக உட்புகக் கட்டு மேலும் இறுகும். ஆணியோ பசையோ தேவைப்படுவதில்லை. மணல் முற்றத்திலே இதன் செயற்பாடு வியக்கத்தக்கது. விறைப்பான ஈர்க்குகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்பதால், மணல் அவற்றின் இடைவெளியால் நழுவிவிடுகின்றது. வாடிய இலையும் சருகும் மாத்திரம் முன்னே தள்ளப்படுகின்றன. மணலைப் போகவிட்டுக் குப்பையைப் பிடிக்கும் சல்லடை என்றே இதனைச் சொல்லலாம். இதே முற்றத்தில் மிருதுவான தும்புத்தடியைக் கொண்டு கூட்டினால், சருகோடு முற்றத்து மணலும் சேர்ந்து வாரப்பட்டுவிடும்.

தடியின் நீளமும் கவனித்தற்குரியது. இந்தியாவின் பல பகுதிகளிலே கையடக்கமான குறுந்துடைப்பமே வழங்குகின்றது. அதனைக் கையாளுவோர் இடுப்பை வளைத்துக் குனிந்தே கூட்ட வேண்டும். இலங்கையிலே நீண்ட தடியிட்ட ஈர்க்குமாறு பெருவழக்காக உள்ளது. நிமிர்ந்து நின்று கூட்ட உதவும் இத்தடி, செலவின்றி அமைந்த பெருஞ் சீர்திருத்தம் எனலாம். நாள்தோறும் அரைமணி நேரம் குனிவதும் நிமிர்ந்து நிற்பதும் ஒன்றல்ல என்பதை அறுபது வயதுப் பெண்ணின் முதுகு அறியும்.

நிலம் மாறியபோது கருவியும் மாறியது. மண்சுவரும் சாணகம் மெழுகிய தரையும் இருந்த காலத்தில், மெழுகுதலே தூசை அடக்கும் முறையாக இருந்தது. மெழுகிய படை காய்ந்து, தளர்ந்த மண்ணைப் பற்றி வைத்தது. கூட்டுமுன் நீர் தெளிப்பதும் இக்காரணம் பற்றியதே. நனைந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமடைவதால் காற்றிலே எழுவதில்லை. பின்னர்ச் சீமெந்துத் தரை பரவியது. 1950ஆம் ஆண்டிலே குடாநாட்டின் வடகரையில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. வழுவழுப்பான தரையில் ஈர்க்குகளின் இடைவெளியால் நுண்தூசு தப்பிவிடும். ஆகவே நெருக்கமான இழைகளையுடைய தும்புத்தடி உள்வீட்டை ஆளத் தொடங்கியது. சிவப்பு மெருகு பூசிய தரையைப் பளபளக்கச் செய்ய, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலின் கீழ் வைத்துத் தேய்க்கும் வழக்கமும் இலங்கை வீடுகளில் இருந்தது.

தும்பு கிடைக்கும் வழி எளிதன்று. தேங்காய் மட்டைகளைக் கரையோர நீர்நிலைகளிலே பல மாதங்கள் ஊறவிடுவர். நுண்ணுயிர்கள் நார்களைப் பிணைத்திருக்கும் சோற்றுப்பகுதியை அழுகச் செய்து தளர்த்தும். அதன்பின் மட்டையைத் தடியால் அடித்துத் தும்பைப் பிரிப்பர். இவ்வுழைப்பும் பெரும்பாலும் பெண்களுடையதே. வீட்டைக் கூட்டுபவளின் கையிலுள்ள கருவிக்குள்ளே, துர்நாற்றம் வீசும் நீரிலே நின்று மட்டையடித்த மற்றொருத்தியின் உழைப்பும் அடங்கியிருந்தது.

பனையும் தும்பு தருவது. பனைமட்டையின் அடிப்பாகத்தை நசுக்கிச் சீவி எடுக்கப்படும் தும்பு தென்னந்தும்பைவிடக் கடினமானது; நீரிலே நனைந்தாலும் எளிதில் துவளாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பனந்தும்பு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகி, அங்கே கடினமான தூரிகைகள் செய்வதற்குப் பயன்பட்டது. வீதி கூட்டும் தூரிகைகளுக்கு இவ்வகைத் தும்பு பெரிதும் விரும்பப்பட்டது. மேலைநாட்டுப் பொறிகளின் வரலாறு யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதற்கு இது சான்று. 1978ஆம் ஆண்டிலே இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபின், பனம்பொருட் கைத்தொழில்களைப் பேணும் பணி அரச அமைப்பொன்றின் பொறுப்பாயிற்று.

இனி அந்த மேலைநாட்டுப் பொறிகளை நோக்கலாம். அவை தோன்றியதற்கு அடிப்படைக் காரணம் தரைவிரிப்பு. குளிர்நாடுகளிலே தரையைக் கம்பளத்தால் மூடுவது வழக்கம். கம்பளத்தின் மயிரிழைகளுக்குள்ளே புகுந்த தூசை விளக்குமாறு எட்ட முடியாது. எனவே ஆண்டுக்கு ஓரிருமுறை கம்பளங்களை வெளியே எடுத்து, கொடியிலே தொங்கவிட்டுத் தடியால் அடித்தனர். அது வீடு முழுவதும் பங்குகொண்ட பெருவேலை. ஆண்களும் சிறுவரும் அதிலே கைகொடுத்தனர்.

1876ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து வணிகராகிய மெல்வில் பிசெல் என்பவர், கம்பளம் கூட்டும் சிறுபொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவரும் மனைவி அன்னாவும் பீங்கான் பாத்திரக் கடை நடத்தியவர்கள். பாத்திரம் பொதிந்துவந்த மரத்தூள் கடையின் கம்பளத்திலே புகுந்து தொல்லை தந்ததே இக்கண்டுபிடிப்புக்குக் காரணம் எனப்படுகின்றது. பொறியைத் தள்ளும்போது சக்கரங்கள் உருளும். சக்கரங்களோடு இணைந்த உருளைத் தூரிகை சுழன்று குப்பையை உள்ளேயுள்ள பெட்டிக்குள் வாரி எறியும். மின்சாரமோ நீராவியோ இதற்கு வேண்டியதில்லை. 1889இல் பிசெல் இறந்தபின் அன்னா அம்மையாரே நிறுவனத்தை ஏற்று நடத்தினார். பெண்கள் பெருநிறுவனத் தலைமைக்கு வருவது மிக அரிதாக இருந்த காலம் அது.

இப்பொறி தூசை வாரியதேயன்றி முற்றாக அடக்கவில்லை. காற்றைக் கொண்டு தூசை அகற்ற முயன்றோர் முதலிலே காற்றை ஊதிப் பார்த்தனர். 1901ஆம் ஆண்டளவில் இலண்டனில் அத்தகைய ஊதும் பொறியொன்றின் காட்சியைப் பார்த்தவர்களுள் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியியலாளரும் ஒருவர். எழுந்த தூசு சற்று நேரத்தில் மீண்டும் படிந்ததைக் கண்ட அவர், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று வினவினார். பின்னர் உணவுச்சாலை ஒன்றிலே, நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை வைத்து, வாயை அதிற் பொருத்திக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். அவருக்குப் புரையேறிற்று, ஆயினும் கைக்குட்டையின் அடிப்புறத்திலே கரிய தூசு படிந்திருந்தது. பெருங் கண்டுபிடிப்பொன்றின் சோதனைச்சாலையாக அந்த நாற்காலி அமைந்தது.

பூத் அமைத்த பொறி அறைக்குள்ளே அடங்கக்கூடியதன்று. குதிரை இழுக்கும் வண்டியிலே பெற்றோல் இயந்திரமும் காற்றுப்பம்பியும் ஏற்றப்பட்டன. வண்டி வீதியிலே நிற்கும்; அதிலிருந்து நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியே வீட்டினுள் செல்லும். 1902ஆம் ஆண்டிலே ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக் கம்பளங்கள் இப்பொறியாற் சுத்தம் செய்யப்பட்டன. செல்வர்கள் விருந்தினரை அழைத்துத் தம் வீட்டுத் தூசு குழாயிலே செல்லும் காட்சியைக் காட்டி மகிழ்ந்தனர் என்றும் கூறுவர்.

பொறியைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தவர் செல்வருமல்லர், பெரும் பொறியியலாளருமல்லர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரிலே, பெருங்கடை ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தவர் ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர். ஆஸ்துமா நோயாளியாகிய அவருக்குக் கம்பளத் தூசு பெருந்துன்பம் தந்தது. மின்விசிறியின் மோட்டார், மரப்பெட்டி, விளக்குமாற்றுத் தடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் பொறியொன்றை அமைத்தார். 1908ஆம் ஆண்டிலே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிய வில்லியம் ஹூவர் குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள்கள் செய்துவந்தவர். மோட்டார் வண்டியின் வருகையால் சேணத்தொழில் தளரும் என்பதை உணர்ந்த அவருக்கு இது புதுவழி காட்டிற்று. ஹூவரின் பெயர் பின்னர் ஆங்கில மொழியிலே தூசு உறிஞ்சுதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் ஆயிற்று. ஸ்பாங்லரின் பெயரை அறிந்தோர் சிலரே. தூசினால் மூச்சுத் திணறிய கூட்டும் தொழிலாளி ஒருவரின் துன்பத்திலிருந்தே இக்கருவி பிறந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

இப்பொறி இயங்கும் தத்துவம் எளியது. மோட்டாராற் சுழலும் விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றது. அதனால் உள்ளே காற்றின் அமுக்கம் குறைகின்றது. வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கம் மிகுதியாக இருப்பதால் காற்று வாய்ப்புறத்தினூடே விரைந்து புகுகின்றது. தூசையும் உடன் கொண்டு செல்கின்றது. துணிப்பை காற்றை வெளியே விட்டுத் தூசைத் தடுத்து வைக்கின்றது. பையின் நுண்துளைகள் அடைபட்டால் உறிஞ்சும் ஆற்றல் குன்றும். இக்குறையை நீக்க முயன்ற இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன், மரம் அரியும் ஆலைகளிலே தூசைச் சுழற்காற்றாற் பிரிக்கும் முறையை வீட்டுப்பொறிக்கும் பயன்படுத்தினார். அதன்பொருட்டு அவர் 5,127 மாதிரிப் பொறிகளைச் செய்து பார்த்தார் என்பது அவர் தாமே கூறிய கணக்கு. 2002ஆம் ஆண்டிலே தானே நகர்ந்து கூட்டும் ரூம்பா என்னும் சிறுபொறியும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இத்துணைப் பொறிகள் வந்தபின் இல்லத்தரசியின் வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ருத் சுவார்ட்ஸ் கோவன் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இவ்வினாவை ஆராய்ந்தார். பொறிகள் தனித்தனி வேலையின் கடுமையைக் குறைத்தன. ஆனால் தாயின் மொத்த வேலைநேரம் அவ்வாறு குறையவில்லை என்பது அவர் கண்ட முடிபு. முன்னர் ஆண்டுக்கு ஓரிருமுறை ஆண்களும் பிள்ளைகளும் கூடிச் செய்த கம்பளம் தட்டும் வேலை, பொறி வந்தபின் வாரந்தோறும் ஒருத்தி தனியே செய்யும் வேலையாயிற்று. ஏனையோரின் கைகள் விடுபட்டன. அவளுடைய கைகள் விடுபடவில்லை. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துகொண்டே சென்றது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனை யார் பிடிப்பது என்னும் வினாவுக்குக் கருவி விடை தருவதில்லை.

தொண்டைமானாற்றிலிருந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று குடியேறியோரின் வீடுகளில் தூசுறிஞ்சும் பொறி இன்றியமையாததாக உள்ளது. அங்கே தரையிலே கம்பளம். சாளரங்கள் மூடியிருக்கும் நீண்ட குளிர்காலம். ஊரிலிருக்கும் தாய்க்கு அத்தகைய பொறியொன்றை அன்போடு கொண்டுவந்து கொடுக்க விரும்பும் மகனோ மகளோ முதலில் அறியவேண்டியது ஒன்று உண்டு. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று. அங்கு வாங்கிய பொறியை இங்கே நேராகப் பொருத்தினால் மோட்டார் எரிந்துபோகும். அது எரியாவிடினும் முற்றத்து மணலுக்கு அப்பொறி ஏற்றதன்று. தடையின்றி வந்து சேரும் மணல் பையை விரைவில் நிறைத்து, உள்ளுறுப்புகளையும் தேய்த்துவிடும். கம்பளமில்லாத சீமெந்துத் தரைக்குத் தும்புத்தடியும் ஈரத்துணியும் போதும்.

இதனாற் பொறி பயனற்றது என்பது பொருளன்று. உலர்ந்த தரையை வேகமாகக் கூட்டும்போது எழும் நுண்தூசு மூச்சுவழியே புகுந்து ஆஸ்துமா நோயாளரை வருத்துகின்றது. வீட்டுத் தூசிலே வாழும், கண்ணுக்குப் புலனாகாத உண்ணி இனமொன்றும் ஒவ்வாமைக்குக் காரணமாவதை 1960களில் நெதர்லாந்து ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மெத்தை, திரைச்சீலை, புத்தக அலுமாரி ஆகியவற்றின் தூசைக் காற்றிலே எழுப்பாது அகற்ற, நல்ல வடியுள்ள தூசுறிஞ்சும் பொறிக்கு நிகரான கருவி விளக்குமாறன்று. மூச்சுநோயாளர் உள்ள வீட்டுக்கு அது ஆடம்பரமன்று. மருந்துக்கு அடுத்த துணையாகும்.

எனினும் மின்சாரம் அற்றுப்போன காலத்தையும் இக்குடாநாடு கண்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்கான மின்வழங்கல் நின்றது. பல்லாண்டுகள் வீடுகள் மின்னொளியின்றி இருந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலே மூடப்பட்டது. பொருட் தடைகளினால் எரிபொருள் முதலியன கிடைத்தற்கரியனவாயின. சவர்க்காரத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. மின்பொறி வைத்திருந்தோரின் வீட்டிலே அது துணி போர்த்திய பெட்டியாக மூலையில் நின்றது. ஈர்க்குமாற்றுக்கோ எத்தடையும் இருக்கவில்லை. தென்னை நின்ற வளவெல்லாம் அதற்குத் தொழிற்சாலையாக விளங்கிற்று.

சவர்க்காரத்துக்கு மாற்றாக அக்காலத்துப் பெண்கள் நாடியது பனம்பழம். பழத்தைப் பிசைந்து அதன் களியிலே துணிகளைத் துவைத்தனர். பாட்டிமார் அறிந்திருந்த முறை பேத்திமாருக்கு மீண்டும் கைகொடுத்தது. இதற்கு அறிவியற் காரணமும் உண்டு. பனம்பழக் களியிலே பிளபெலிபெரின் எனப்படும் சப்பொனின் வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சப்பொனின்கள் நீரிலே நுரை தருவன. எண்ணெயும் அழுக்கும் துணியிலிருந்து நீங்க உதவுவன. பழத்தின் கைப்புக்குக் காரணமாகிய பொருளே துணியின் வெண்மைக்கும் துணைநின்றது. பழைமையென ஒதுக்கப்பட்ட அறிவு, நெருக்கடியிலே ஓர் இனத்தின் மானத்தைக் காத்தது. வெளுத்த சட்டையோடு பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றமை அக்காலத்தில் அற்பமான செய்தியன்று.

ஆகவே துப்புரவுக் கருவி ஒன்றின் தகுதியை அறிய அதன் வயதைக் கேட்பது பொருந்தாது. கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. அக்கருவி அகற்றும் தூசு எங்கே போகின்றது? அதனை இயக்கும்போது எவருடைய உடல் வருந்துகின்றது? அது பழுதுற்றால், அல்லது அதன் ஆற்றல் தடைப்பட்டால், அவ்வூரிலேயே அதற்கு வழியுண்டா? குறுந்துடைப்பம் மூன்றாம் வினாவிலே தேறி இரண்டாம் வினாவிலே தோற்கின்றது. தூசுறிஞ்சும் பொறி முதல் வினாவிலே தேறி மூன்றாவதிலே தடுமாறுகின்றது. நீர் தெளித்த முற்றத்திலே நீண்ட தடியிட்ட ஈர்க்குமாறு மூன்றிலும் பெரும்பாலும் தேறுகின்றது. கடைகளிலே இன்று நிறைந்து காணப்படும் பிளாஸ்ரிக் இழை விளக்குமாறோ மலிவானது, நிறமுடையது. ஆயினும் தேய்ந்தபின் அதனை அடுப்பிலிட்டால் நச்சுப்புகை எழும், மண்ணிலிட்டால் மக்குவதில்லை. குப்பையைக் கூட்டவந்த கருவி தானே நீங்காத குப்பையாக மாறுகின்றது.

ஆவணி மாதத்திலே செல்வச்சந்நிதியில் பெருந்திருவிழா நிகழும்போது சோளகக் காற்றின் வேகம் முற்றும் தணிந்திருப்பதில்லை. ஆற்றங்கரை மணல் எங்கும் பறக்கும். அன்னதானக் கந்தன் எனப் போற்றப்படும் முருகனின் சந்நிதியிலே ஆயிரக்கணக்கான அடியார் உணவுண்டு செல்வர். அவர்கள் எழுந்துசென்றபின் எஞ்சும் எச்சிலிலையும் சருகும் தாமாக அகலுவதில்லை. எவரோ ஒருவர் குனிந்து இலையை எடுக்கின்றார். எவரோ ஒருவர் மண்டபத்தைக் கூட்டுகின்றார். அடியாரின் பணியாக அதனைச் செய்தால் திருவலகு என்றும், கூலிக்குச் செய்தால் இழிந்த வேலை என்றும் பெயர் சூட்டுவது சமூகத்தின் குற்றமேயன்றிக் கருவியின் குற்றமன்று. தலைமுறை தலைமுறையாகக் கூட்டும் வேலையைச் சில குடிகளின்மேலும், வீட்டுக்குள்ளே பெண்களின்மேலும் சுமத்திய வழக்கத்தை, விளக்குமாறும் மாற்றவில்லை. மின்பொறியும் தானாக மாற்றிவிடாது.

ஒன்று மாத்திரம் அதனை மாற்றக்கூடும். விடியற்காலையில் முற்றத்திலே கேட்கும் ஈர்க்குமாற்றின் ஓசை, ஒருநாள் தாயின் கையிலிருந்தும், மறுநாள் தந்தையின் கையிலிருந்தும், அதற்கடுத்த நாள் மகனின் கையிலிருந்தும் எழுமாயின், அம்முற்றத்து மணலில் விழும் கோடுகள் வீட்டின் சுத்தத்தோடு நீதியையும் அயலவர்க்குக் காட்டும். அந்நிலை எய்திய வீட்டிலே ஈர்க்குமாறு இருப்பினும் நன்று. தூசுறிஞ்சும் பொறி இருப்பினும் நன்று.